கைக்கடிகாரத்தின் செல் தீரப்போவதை எப்படி அறிவது?

செல்லில் ஓடும் கைக்கடிகாரம் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதில்லை. நிற்பதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ முன்பிருந்தே அது தன் நிலையைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. நொடி முள்ளின் நடையிலோ, திரையில் தெரியும் எண்களின் கருமையிலோ, உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சத்திலோ அந்த அடையாளம் இருக்கும். மணி என்ன என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையை இறக்கிவிடுவதால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கடிகாரம் எந்தக் காரணத்தால் நின்றாலும் செல் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, நல்ல நிலையில் இருக்கும் செல்லைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். சிக்கல் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், எந்த அடையாளம் செல்லைச் சுட்டுகிறது, எது வேறு கோளாற்றைச் சுட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குச் சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. சரியான நேரம் காட்டும் ஒரு கைப்பேசியும், ஓரிரு நாள் பொறுமையும் போதும்.

முதலில், அது செல்லை மாற்ற வேண்டிய கடிகாரம்தானா?

இந்தக் கேள்வி தேவையற்றது போலத் தோன்றலாம். ஆனால் செல் மாற்றித் தாருங்கள் என்று கொண்டுவரப்படும் கடிகாரங்களில், மாற்றுவதற்கு அப்படி ஒரு செல்லே இல்லாதவையும் இருக்கின்றன. முகப்பிலோ பின்மூடியிலோ ‘ஆட்டோமேட்டிக்’ என்று பொறித்திருந்தால் அது கையின் அசைவால் சுற்றப்படும் சுருள்வில்லில் ஓடுவது. இரண்டு நாள் மேசையில் கிடந்தால் நின்றுவிடும், எடுத்துக் கட்டிக்கொண்டால் மறுபடி ஓடும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கடிகாரமும் அப்படியே. இவற்றில் நொடி முள் ஒவ்வொரு நொடிக்கும் ஒருமுறை துள்ளாமல், வழுக்கிக்கொண்டு போவதைப் போல நகரும்.

‘சோலார்’, ‘ஈகோ-டிரைவ்’ என்று எழுதியிருக்கும் கடிகாரங்கள் வெளிச்சத்தில் தம் செல்லைத் தாமே நிரப்பிக்கொள்பவை. இவற்றுள் இருப்பது திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய செல். சட்டைக் கைக்குள் மறைந்தோ, பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தோ அதன் சேமிப்பு இறங்கியிருந்தால், சாதாரணக் கடிகாரத்தில் செல் தீரும்போது தெரியும் அதே அடையாளங்கள் இவற்றிலும் தெரியும். அப்போது செய்ய வேண்டியது செல்லை மாற்றுவதல்ல. முகப்பில் நல்ல வெளிச்சம் படும்படி கடிகாரத்தைச் சில நாள்கள் வைப்பதுதான். சுட்டெரிக்கும் வெயிலில் வைத்துச் சூடேற்ற வேண்டாம். சூடு செல்லையும் கெடுக்கும், ரப்பர் வளையத்தையும் கெடுக்கும். நிறைய வெளிச்சம் காட்டிய பிறகும் ஓரிரு நாளில் மறுபடி சோர்ந்துவிட்டால்தான் உள்ளே உள்ள செல்லின் மீது சந்தேகம் வர வேண்டும். அதற்கு உரிய செல் தனி வகை. அதன் இடத்தில் சாதாரணச் செல்லைப் போடவே கூடாது.

இனி இங்கே சொல்பவை எல்லாம் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பற்றியவை.

செல் எப்படித் தீருகிறது

அடையாளங்கள் ஏன் அப்படி வருகின்றன என்று புரிந்தால் அவற்றை நினைவில் வைத்திருப்பது எளிது. குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் ஒரு சிறிய படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை மின்சுற்று பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. அந்தத் துடிப்பு ஒரு நுண்ணிய மோட்டாரின் கம்பிச் சுருளுக்குப் போய், அதன் காந்த அச்சை அரைச் சுற்று திருப்புகிறது. பற்சக்கரங்கள் வழியாக அதுவே நொடி முள்ளின் ஒரு துள்ளலாகிறது. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஆஸ்ட்ரான்’ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். இன்று நம் கையில் இருக்கும் சாதாரணக் கடிகாரமும் அடிப்படையில் படிகம், மின்சுற்று, மோட்டார் என்ற அதே வழியில்தான் ஓடுகிறது.

முட்கள் உள்ள கைக்கடிகாரங்களில் பெரும்பாலும் இருப்பது சில்வர் ஆக்சைடு செல். அதன் மின்னழுத்தம் 1.55 வோல்ட். இந்த வகையின் தனிக்குணம் என்னவென்றால், அது தன் ஆயுள் முழுவதும் ஏறத்தாழ அதே அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் சட்டென்று சரிகிறது. அதனால்தான் இரண்டாண்டு ஓடிய செல்லும் புதுச் செல்லைப் போலவே வேலை செய்கிறது. அடையாளங்கள் எல்லாம் கடைசிச் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. அல்கலைன் செல் அப்படியல்ல. அது 1.5 வோல்ட்டில் தொடங்கி முதல் நாளிலிருந்தே சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே அல்கலைன் போட்ட கடிகாரத்தில் தடுமாற்றம் சீக்கிரமே தொடங்கி நீண்ட நாள் இழுக்கும். டிஜிட்டல் கடிகாரங்கள் பலவற்றில் 3 வோல்ட் லித்தியம் செல் இருக்கிறது. அதுவும் நீண்ட காலம் சமமாக இருந்துவிட்டு முடிவில் வேகமாகச் சரிவதே.

நொடி முள் தாவித் தாவிப் போகிறதா?

எல்லா அடையாளங்களிலும் நம்பகமானது இதுதான். கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுவந்து ஒரு முழு நிமிடம் நொடி முள்ளை மட்டும் பாருங்கள். ஆரோக்கியமான கடிகாரத்தில் அது நொடிக்கு ஒரு கோடு வீதம் ஒரே சீராக நகரும். செல் தீரும் கட்டத்தில் பல கடிகாரங்களில் முள் ஒரு நொடி அசையாமல் நிற்கும்; அடுத்த நொடியில் இரண்டு கோடுகளை அடுத்தடுத்து விரைந்து கடக்கும்; மறுபடி நிற்கும். ஜப்பானியக் கடிகாரங்களில் இப்படி இரண்டு நொடிக்கு ஒரு தாவல் என்பது பரவலான முறை. சுவிஸ் நாட்டின் ஈடிஏ நிறுவனம் செய்யும் இயந்திரங்கள் பலவற்றில் நான்கு நொடிக்கு ஒருமுறை நான்கு கோடுகள் தாவும்.

இந்தத் தாவலைக் கோளாறு என்று பயப்பட வேண்டாம். மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதை மின்சுற்று உணர்ந்து, வேண்டுமென்றே முள்ளை இப்படி நடக்கவிடுகிறது. கவனித்துப் பார்த்தால், முள் தாவினாலும் நேரம் பிசகியிருக்காது. நின்ற நொடிகளை அடுத்த தாவலில் சேர்த்து ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே தாவலும் இருந்து, நேரமும் சரியாக இருந்தால், அது செல்லைப் பற்றிய அறிவிப்பு என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இதற்குப் பிறகு கடிகாரம் எத்தனை நாள் ஓடும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். சிலவற்றில் சில நாள்கள், சிலவற்றில் சில வாரங்கள். இருக்கும் வரை ஓடட்டும் என்று விட்டுவைக்காமல், தாவலைக் கண்ட அந்த வாரத்திலேயே மாற்றிவிடுவதுதான் நல்லது.

இந்த வசதி எல்லா இயந்திரங்களிலும் இல்லை. எளிய இயந்திரங்கள் பல எந்தத் தாவலும் காட்டாமல் நேரே தடுமாற்றத்துக்குப் போய்விடும். இன்னொரு குழப்பமும் இங்கே நேர்கிறது. நேர அளவி வசதியுள்ள, அதாவது கிரோனோகிராஃப் வகைக் கடிகாரங்களில் நடுவே இருக்கும் நீண்ட நொடி முள், பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். மற்ற நேரத்தில் 12-இல் அசையாமல் நிற்கும். நிகழ்நேரத்தின் நொடியைக் காட்டுவது முகப்பின் சிறு வட்டங்களில் ஒன்றில் உள்ள குட்டி முள். நீண்ட முள் நிற்பதைப் பார்த்துச் செல் போய்விட்டது என்று எண்ணுவோர் பலர். பார்க்க வேண்டியது அந்தக் குட்டி முள்ளைத்தான்.

ஒரே இடத்தில் துடிக்கும் முள்

அடுத்த கட்டம் இது. நொடி முள் முன்னே போக எத்தனித்து, ஒரு மயிரிழை நகர்ந்து, அதே கோட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு நொடியும் இதே கதை. மின்சுற்று துடிப்பை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, மோட்டாரும் முயல்கிறது, ஆனால் பற்சக்கரங்களைத் தள்ளும் வலு போதவில்லை. கனமான நீண்ட முள் உள்ளவற்றில் இது பெரும்பாலும் முள் மேல்நோக்கி ஏற வேண்டிய பக்கத்தில், அதாவது 6-க்கும் 12-க்கும் இடையே, குறிப்பாக 9-ஐ ஒட்டி நிகழும். சுவர்க் கடிகாரங்களில் இதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கைக்கடிகாரத்தைப் படுக்க வைத்தவுடன் ஓடத் தொடங்கி, நிமிர்த்தியதும் நின்றால், வலு மிகவும் குறைந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. வலு குறைவதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: தருவது குறைந்திருக்கலாம், அல்லது தேவைப்படுவது கூடியிருக்கலாம். செல் தளர்ந்தாலும் முள் துடிக்கும். செல் நன்றாக இருந்து, உள்ளே எண்ணெய் உலர்ந்து பிசுபிசுத்தாலோ, பற்களுக்கு இடையே ஒரு தூசி சிக்கினாலோ, ஒரு முள் இன்னொரு முள்ளில் உரசினாலோ அப்போதும் அதே போலத்தான் துடிக்கும். செல் மாற்றி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால் முதல் காரணத்தை நம்பலாம். மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் இரண்டாவதையே முதலில் நினைக்க வேண்டும். எனக்கு இந்தத் துடிப்பு, செல்லைப் பற்றிய சான்று என்பதைவிட, கடிகாரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லும் அழைப்பு என்றே படுகிறது.

நேரம் பின்தங்கினால்

சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து நொடி வரை முன்னோ பின்னோ போவது இயல்பு. ஆண்டுக்கு இருமுறை நேரத்தைத் திருத்திவைக்கிறோம் என்பதற்காகச் செல்லைக் குறைசொல்ல முடியாது. செல் தளரும்போது படிகத்தின் அதிர்வு பெரிதாக மாறிவிடுவதில்லை. நடப்பது வேறு: துடிப்புகளில் சில முள்ளை நகர்த்தாமல் வீணாகின்றன. வீணான ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நொடி இழப்பு. அதனால் செல் காரணமான தாமதம் சீராக இராது. காலையில் சரியாக இருந்து மாலையில் ஐந்து நிமிடம் பின்தங்கும், மறுநாள் அரை மணி நேரம் பின்தங்கும், நடுவில் ஒருமுறை நின்று பிறகு தானே ஓடும். இப்படி ஒழுங்கில்லாமல், நாளுக்கு நாள் மோசமாகும் தாமதம்தான் செல்லைச் சுட்டுகிறது. கடிகாரம் முன்னே ஓடுகிறது என்றால் அதைச் செல்லின் கணக்கில் எழுத வேண்டாம். அது வேறு விஷயம்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கைப்பேசியின் நேரத்தோடு நொடி சுத்தமாகப் பொருத்திவிட்டு, கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றி இரவு முழுவதும் மேசையில் வையுங்கள். காலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பகலில் கையில் கட்டியபடி இன்னொருமுறை ஒப்பிடுங்கள். கையில் இருக்கும்போது சரியாக ஓடி, கழற்றி வைத்த இரவுகளில் மட்டும் பின்தங்கினால், உடல் சூட்டின் துணையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தளர்ந்த செல் குளிரில் இன்னும் தளர்கிறது, எண்ணெயும் இறுகுகிறது. குளிரூட்டிய அறையில் நின்ற கடிகாரம் கையில் கட்டியதும் உயிர்பெறுவதற்கும் இதுவே காரணம். அது குணமாகிவிட்டது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

தேதி காட்டும் கடிகாரங்களில் இன்னொரு நுட்பமான அடையாளம் இருக்கிறது. ஏறத்தாழ இரவு 9 மணிக்குப் பிறகு தேதி வளையத்தைத் தள்ளும் பல் அதோடு பொருந்தத் தொடங்குகிறது. நள்ளிரவைத் தாண்டும் வரை மோட்டாருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சுமை. கிழமையும் சேர்ந்து மாறினால் சுமை இன்னும் கூடும். பகல் முழுவதும் நன்றாக ஓடும் கடிகாரம், காலையில் எழுந்து பார்க்கும்போதெல்லாம் 11:40, 12:10 என்று நள்ளிரவை ஒட்டியே நின்றிருந்தால், தீரும் தறுவாயில் உள்ள செல் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்கவில்லை என்று ஊகிக்கலாம். நின்ற கடிகாரத்தின் முட்களைத் திருப்புவதற்கு முன் அது எந்த நேரத்தில் நின்றது என்று பார்த்துக்கொள்வது இதனால்தான் பயனுள்ளது.

நொடி முள்ளே இல்லாத மெல்லிய கடிகாரங்களுக்கு மேற்சொன்ன தாவலும் துடிப்பும் பயன்படா. இவற்றில் நிமிட முள் பத்து, பதினைந்து, இருபது நொடிக்கு ஒருமுறைதான் ஒரு சிறு அசைவு அசையும். ஓடுகிறதா நின்றதா என்பதே சட்டென்று தெரியாது. வாரம் ஒருமுறை கைப்பேசியோடு ஒப்பிடுவதைத் தவிர இவற்றுக்கு நல்ல வழி இல்லை.

எண்கள் காட்டும் கடிகாரங்களில்

டிஜிட்டல் கடிகாரத்தில் முள் இல்லை, மோட்டார் இல்லை. ஆகவே நேரம் தவறுவது இங்கே கடைசி அடையாளம். முதலில் சோர்வது விளக்கும் ஒலியும்தான். விளக்கும் அலாரமும் ஒரே கணத்தில் அதிக மின்னோட்டத்தைக் கேட்பவை. இருட்டில் விளக்குப் பொத்தானை அழுத்தி, திரையையும் எண்களையும் சேர்த்துக் கவனியுங்கள். விளக்கு மங்கலாக எரிந்து, அந்த நொடியில் எண்களும் வெளிறினாலோ, திரை மொத்தமும் ஒரு கணம் அழிந்து மீண்டாலோ, செல் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அலாரம் அடிக்கும்போது ஒலி கரகரத்து ஒடுங்கினாலும் அப்படியே.

அடுத்து வருவது எண்களின் கருமை. நேராகப் பார்த்தால் சாம்பல் நிறமாகவும், கடிகாரத்தைச் சற்றே சாய்த்தால் மட்டும் கருமையாகவும் தெரிந்தால் அழுத்தம் இறங்கிவிட்டது. சில கடிகாரங்களில் திரையின் ஓரத்தில் செல்லைக் குறிக்கும் சிறு படமோ எழுத்தோ மின்னும். சிலவற்றில் விளக்கும் ஒலியும் தாமே அடங்கி, நேரம் மட்டும் ஓடும். நேரமும் தேதியும் தாமாகவே அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தால், மின்சாரம் ஒருமுறை அறுந்து மீண்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்தறிய வேண்டும்: எண்ணின் ஒரே ஒரு கோடு மட்டும் எப்போதும் தெரியாமல் இருந்தால் அது திரையின் இணைப்புக் கோளாறு. செல் தளர்ந்தால் எல்லாக் கோடுகளும் சேர்ந்தே வெளிறும்.

முட்களும் எண்களும் சேர்ந்த கடிகாரங்கள் சிலவற்றில் இரண்டு செல்கள் இருக்கும். ஒரு பாதி நின்று மறு பாதி ஓடினால் அதுவே காரணமாக இருக்கலாம். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள்.

செல் மீது பழி விழும் பிற காரணங்கள்

முற்றிலும் நின்றுவிட்ட கடிகாரத்தை எடுத்ததும் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் உள்ள சாவியை, அதாவது நேரத்தைத் திருத்தும் திருகை. அது அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தாலே பல கடிகாரங்கள் நின்றுவிடும். உள்ளே அழுத்தினால் ஓடிவிடும். சட்டையில் மாட்டி இழுபட்டு இப்படி வெளியே வருவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது காந்தம். கடிகாரத்தின் மோட்டாரே காந்த அச்சில் சுழல்வதால், பக்கத்தில் வலுவான காந்தம் இருந்தால் அது தடுமாறும். ஒலிபெருக்கி, கைப்பேசி உறை, கைப்பையின் காந்தப் பூட்டு ஆகியவற்றை ஒட்டி வைத்த கடிகாரம் நின்றோ பின்தங்கியோ போய், எடுத்து வைத்ததும் பழையபடி ஓடும். ஒரே இடத்தில் வைக்கும்போது மட்டும் பின்தங்குகிறது என்றால் அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்ததைப் போலத் தெரிந்தால், செல்லைப் பற்றிய கேள்வியை ஒத்திவைத்துவிட்டு உடனே திறந்து உலர்த்தக் கொடுக்க வேண்டும். உள்ளே போன ஈரம் செல்லையும் மின்சுற்றையும் சேர்த்தே கெடுக்கும். கீழே விழுந்த மறுகணம் நின்ற கடிகாரத்துக்குச் செல் காரணமாக இருப்பது அரிது.

வயதும் வோல்ட்டும்

மூன்று முட்கள் உள்ள சாதாரணக் கடிகாரத்தில் சில்வர் ஆக்சைடு செல் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரும். லித்தியம் செல் உள்ள டிஜிட்டல் கடிகாரங்களில் ஐந்து ஆண்டுகளும், சில வகைகளில் பத்து ஆண்டுகளும் வருவதுண்டு. விளக்கையும் அலாரத்தையும் நேர அளவியையும் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து இது குறையும். புதிதாக வாங்கிய கடிகாரம் ஒரே ஆண்டில் நின்றால் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. அதில் இருப்பது தொழிற்சாலையில் சோதனைக்காகப் போடப்பட்ட செல். வாங்குவதற்கு முன்பே பல மாதங்கள் ஓடியிருக்கும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் செல் மாற்றிய தேதியைப் பின்மூடியின் உட்புறத்தில் சிறிதாக எழுதிவைப்பது நல்ல வழக்கம். நீங்களும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். முள் துடிக்கிறதே என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

ஐயம் நீங்காவிட்டால் மல்டிமீட்டர் தீர்த்துவைக்கும். நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை செல்லின் அகன்ற, எழுத்துப் பொறித்த பக்கத்திலும் கறுப்பு முனையை மறுபக்கத்திலும் தொடவும். நல்ல சில்வர் ஆக்சைடு செல் 1.55-ஐ ஒட்டிக் காட்டும். 1.5-க்குக் கீழே வந்திருந்தால் அதன் காலம் நெருங்கிவிட்டது, 1.4-க்குக் கீழே என்றால் முடிந்தது. 3 வோல்ட் லித்தியம் செல் 2.8-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடலாம். கழற்றிய செல்லை மீட்டர் தனியாக அளக்கும்போது சுமை எதுவும் இல்லாததால், சோர்ந்த செல்லும் சற்று உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே எண் எல்லைக்கோட்டில் இருந்தால் அதைத் தேறியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெரிந்த பிறகு தள்ளிப்போட வேண்டாம்

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீர்ந்த செல்லைக் கடிகாரத்துக்குள்ளேயே விட்டுவைப்பதுதான் பல நல்ல கடிகாரங்களின் முடிவுக்குக் காரணம். செல்லின் உள்ளே இருக்கும் காரக் கரைசல் காலப்போக்கில் விளிம்பு வழியே கசிகிறது. வெண்மையாகப் பூத்தது போலத் தொடங்கி, செம்புத் தொடுமுனைகளைப் பச்சையாக அரித்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பிச் சுருளை எட்டிவிட்டால், செல்லை மாற்றி ஓட்டியிருக்க வேண்டிய கடிகாரத்துக்கு இயந்திரத்தையே மாற்ற வேண்டியதாகிவிடும். இப்போது கட்டுவதில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் வைத்த கடிகாரங்கள்தான் இப்படிப் பாழாகின்றன. கட்டாத கடிகாரமானால் செல்லைக் கழற்றி எடுத்துவிட்டு வையுங்கள்.

மாற்றும்போது பழைய செல்லின் மீது உள்ள எண்ணைப் பாருங்கள். ‘எஸ்.ஆர்.’ என்று தொடங்கினால் சில்வர் ஆக்சைடு, ‘எல்.ஆர்.’ என்றால் அல்கலைன், ‘சி.ஆர்.’ என்றால் லித்தியம். மிகப் பரவலான எஸ்.ஆர். 626 எஸ்.டபிள்யூ, 377 என்ற எண்ணிலும் விற்கப்படுகிறது, விட்டம் 6.8 மில்லிமீட்டர், கனம் 2.6 மில்லிமீட்டர். அதே அளவில் எல்.ஆர். 626 என்ற அல்கலைன் செல்லும் இருக்கிறது, கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் அது சீக்கிரம் தளரும், கசியும் வாய்ப்பும் கூடுதல். சில்வர் ஆக்சைடு கேட்கும் கடிகாரத்துக்கு அதையே போடச் சொல்லுங்கள். புதுச் செல்லின் இரு முகங்களையும் உலோக இடுக்கியால் ஒருசேரப் பற்றினால் மின்குறுக்கு ஏற்பட்டுச் செல் வீணாகும். பிளாஸ்டிக் இடுக்கி நல்லது. நீர் புகாத கடிகாரமானால் பின்மூடியின் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லி, தேவையானால் மாற்றி, நீர்ச்சோதனை செய்து வாங்குங்கள். வீட்டில் பின்மூடியைத் திறப்பவர்கள் இந்த ஒன்றைச் செய்ய இயலாது என்பதை நினைவில் வைத்து, அந்தக் கடிகாரத்தோடு தண்ணீரில் இறங்காதிருக்க வேண்டும்.

கழற்றிய செல்லை மேசையில் விட்டுவைக்காதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால், குறிப்பாக 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் செல்லானால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோனது என்று நாம் ஒதுக்கும் செல்லிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பழைய செல்லின் இரு பக்கத்தையும் ஒட்டுநாடாவால் மூடி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள்.

புதுச் செல் போட்ட பிறகும் ஓடவில்லை என்றால், தொடுமுனையில் படிந்த அழுக்கு, தலைகீழாகப் போட்ட செல் ஆகிய இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். ஓடுகிறது, ஆனால் ஆறேழு மாதத்தில் மறுபடி நிற்கிறது என்றால் கணக்கு வேறு. 377 செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 26 மில்லிஆம்பியர்-மணி. நல்ல இயந்திரம் சராசரியாக ஒரு மைக்ரோஆம்பியர் அளவுக்கே மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த வீதத்தில் 26,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓட வேண்டும். நவீன இயந்திரங்கள் பலவும் முள் நகரவில்லை என்று உணர்ந்தால் அடுத்த துடிப்பை நீட்டி அனுப்புகின்றன. எண்ணெய் உலர்ந்த இயந்திரத்தில் இந்த நீண்ட துடிப்பே வழக்கமாகி, செலவு நான்கைந்து மடங்காகிவிடுகிறது. அப்படிப்பட்ட கடிகாரத்துக்கு ஆண்டுக்கு இரண்டு செல் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அது எடுக்கும் மின்னோட்டத்தை அளந்து பார்த்து, இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் இடவோ, இயந்திரத்தையே மாற்றவோ சொல்லிக் கொடுங்கள்.